ஒரே கோபுரம், ஒரே லென்ஸ்: ஸ்கேன் செய்த ஃபிலிம் ஏன் டிஜிட்டலைவிட மங்கலாகத் தெரிகிறது?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒரு மொட்டைமாடியிலிருந்து இரண்டு கேமராக்களில் எடுத்தேன். ஒன்று ஃபிலிம் கேமராவான நிகான் எஃப்எம்2, மற்றொன்று 24 மெகாபிக்சல் நிகான் டி750. இரண்டிலும் ஒரே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஒரே ட்ரைபாட், எஃப் 8 திறப்பு, ஒரே காலை வெயில். ஃபிலிம் கோடாக் டி-மேக்ஸ் 100, கறுப்பு வெள்ளை. அதை வீட்டிலேயே டி-76 கரைசலில் டெவலப் செய்து, எப்சன் வி700 ஸ்கேனரில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வைத்து ஸ்கேன் செய்தேன்.

இரண்டையும் திரையில் 100 விழுக்காட்டில் அருகருகே வைத்துப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகிறது. டிஜிட்டலில் சுதைச் சிற்பங்களின் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன. ஸ்கேனில் அதே சிற்பங்கள் பஞ்சைப் பிய்த்துவைத்தாற்போல் இருக்கின்றன. 35 மி.மீ. ஃபிலிம் 20 மெகாபிக்சலுக்குக் குறையாது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். என் ஸ்கேன் கோப்பு 54 மெகாபிக்சலுக்கும் மேல். அவ்வளவு பிக்சலிலும் விவரம் எங்கே போயிற்று? ஃபிலிமின் திறனே இவ்வளவுதானா?

தெற்கு வாசல்

நண்பரே, நேராகச் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் திருமணப் படங்கள் எடுப்பவன் நான். ஃபிலிமிலும் எடுத்திருக்கிறேன், டிஜிட்டலிலும் எடுக்கிறேன். 35 மி.மீ. ஃபிலிமைக் கூர்மையில் டிஜிட்டல் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2002-இல் கேனான் 1டிஎஸ் 11 மெகாபிக்சலுடன் வந்தபோதே இந்த விவாதம் சூடாக நடந்தது. 2005-இல் 5டி வந்த பிறகு தொழில்முறையில் பலருக்கு ஐயமே எழவில்லை. ஃபிலிமின் நிறத்துக்காக அதை விரும்புங்கள், அதன் நிதானத்துக்காக விரும்புங்கள், மறுக்கவில்லை. கூர்மைக்காக விரும்பினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். உங்கள் கண் பார்த்தது உண்மை.

வெள்ளி உப்பு

தெற்கு வாசல் நண்பரின் முடிவோடு ஓரளவு உடன்படுகிறேன், அவர் அதற்குச் சொன்ன காரணத்தோடு உடன்பட முடியவில்லை. காவிரிக்கரை, நீங்கள் ஒப்பிட்டது ஃபிலிமையும் டிஜிட்டலையும் அல்ல. ஒரு மேசை ஸ்கேனரையும் ஒரு டிஜிட்டல் கேமராவையும். இணையத்தில் உலவும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. ஸ்கேனரின் குறையை ஃபிலிமின் தலையில் கட்டுவது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தரும் விஷயம். எனவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூர்மையை அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு: ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோட்டிணைகள் பிரிந்து தெரிகின்றன என்று எண்ணுவது. ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு கோட்டிணை. டி750-இல் 36 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 167. ஒரு கோட்டிணைக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும் என்பதால் அதன் உச்ச வரம்பு 83 கோட்டிணை.

டி-மேக்ஸ் 100-க்குக் கோடாக் தன் தரவுத்தாளில் இரண்டு எண்களைத் தருகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் 1000-க்கு 1 என்ற வேறுபாடு இருந்தால் 200 கோட்டிணை; வேறுபாடு 1.6-க்கு 1 மட்டுமே என்றால் 63. ஃபிலிமின் பெருமை பேசுபவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள், குறை பேசுபவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். வெளுத்த வானத்தை எதிர்த்து நிற்கும் மின்கம்பி முதல் எண்ணை நோக்கிப் போகும். கோபுர மாடத்தின் நிழலுக்குள் இருக்கும் சுதைச் சிற்பம் இரண்டாவதை ஒட்டி நிற்கும். கணக்குக்காக நடுவில் 100 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் லென்ஸுக்கும் எஃப் 8-இல் 100 என்றே வைப்போம்.

படம் பல கட்டங்களைத் தாண்டி வருகிறது. ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. தோராயமாகக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் இருமடி ஆக்கித் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். கிடைத்ததைத் திரும்பத் தலைகீழாக்கி இருமடி மூலம் எடுங்கள். லென்ஸ் 100, ஃபிலிம் 100 என்றால் நெகட்டிவில் பதிந்திருப்பது ஏறத்தாழ 71 கோட்டிணை. லென்ஸ் 100, சென்சார் 83 என்றால் டி750 கோப்பில் 64. இந்த இடம்வரை ஃபிலிம் பின்தங்கவே இல்லை.

இனி ஸ்கேனர். வி700-இல் 6400 டிபிஐ என்று எழுதியிருக்கிறது. அது ஒரு அங்குலத்தை எத்தனை மாதிரிகளாக நறுக்குகிறது என்ற எண். எவ்வளவு பார்க்கிறது என்பது வேறு கதை. அமெரிக்க விமானப்படையின் 1951-ஆம் ஆண்டுச் சோதனை அட்டை பதித்த கண்ணாடியை வைத்துப் பலர் அளந்ததில், இந்த வகை ஸ்கேனரின் உண்மைத் திறன் 2300 டிபிஐ-யை ஒட்டியே வருகிறது. அதாவது 45 கோட்டிணை. நெகட்டிவில் இருந்த 71, இந்த 45-ஐத் தாண்டி வரும்போது 38 ஆகிவிடுகிறது. அதை முழுதாகப் பதியச் சுமார் 5 மெகாபிக்சல் போதும். உங்கள் 54 மெகாபிக்சல் கோப்பில் இருப்பது 5 மெகாபிக்சல் அளவு விவரம்தான்.

அதே நெகட்டிவை நிகான் கூல்ஸ்கேன் 5000 போன்ற தனி ஃபிலிம் ஸ்கேனரில் வைத்தால்? 4000 டிபிஐ என்று எழுதியிருப்பதை அது ஏறக்குறைய உண்மையாகவே தருகிறது. 75 கோட்டிணை என்று கொண்டால் முடிவு 51. சுமார் 9 மெகாபிக்சல். இழப்பே இல்லாத ஸ்கேனர் ஒன்று இருந்தால் 17. ஒரே நெகட்டிவ்தான்: ஒரு கருவியில் 5, இன்னொன்றில் 9, எட்டக்கூடியது 17. இதில் எந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'ஃபிலிம் இவ்வளவுதான்' என்று சொல்வது?

தெற்கு வாசல்

வெள்ளி உப்பு ஐயா, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் எனக்கு மறுப்பு உண்டு.

முதலாவது, கோட்டிணை எண் என்பது விவரம் மறையும் விளிம்பு. அந்த விளிம்பில் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகி, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் நிலை. படத்தைப் பார்ப்பவர் கூர்மை என்று உணர்வது அங்கே அல்ல. மில்லிமீட்டருக்கு 20, 30 கோட்டிணைகளில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கிறதா என்பதே அவருக்குத் தெரியும். டிஜிட்டல் சென்சார் அந்தப் பகுதியில் வேறுபாட்டை உறுதியாகப் பிடித்துவைக்கிறது, தன் வரம்பு வந்ததும் சட்டென்று நிற்கிறது. ஃபிலிம் படிப்படியாக மங்கிக்கொண்டே நீள்கிறது. கடைசியில் நீளும் அந்த வால் பகுதி கணக்கில் நன்றாக இருக்கும், பிரின்டில் தெரியாது.

இரண்டாவது, கிரெயின், அதாவது ஃபிலிமின் வெள்ளித் துகள்கள் மணல்போலத் தெரிவது. உங்கள் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. 50 கோட்டிணையில் விவரம் இருந்தாலும் அதன் மேல் கிரெயின் படர்ந்திருந்தால் சிற்பத்தின் விரல் எது, வெள்ளித் துகள் எது என்று எப்படிப் பிரிப்பது? ஐஎஸ்ஓ 100-இல் டிஜிட்டல் கோப்பு துடைத்துவைத்தாற்போல் இருக்கிறது. அதனால்தான் அதை மேலும் கூர்மையாக்கினாலும் தாங்குகிறது. ஸ்கேனைக் கூர்மையாக்கினால் முதலில் துள்ளி எழுவது கிரெயின்தான்.

இருட்டறை

இளைஞர்கள் இருவரும் சொல்வதில் பொருள் இருக்கிறது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் என்லார்ஜர் முன்னால் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

நுண்விவரம் பதிவது வேறு, விளிம்பு வெட்டினாற்போல் தெரிவது வேறு. இரண்டும் ஒன்றாகவே வரவேண்டும் என்பதில்லை. விவரம் குறைந்த படம் கூர்மையாகத் தோன்றலாம். விவரம் நிறைந்த படம் மென்மையாகத் தோன்றலாம். இருட்டறையில் இதை நாங்கள் மருந்தைக் கொண்டே மாற்றிவந்தோம்.

டி-76 கோடாக் 1927-இல் கொண்டுவந்த டெவலப்பர். அதில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. அது வெள்ளித் துகள்களின் ஓரத்தைச் சற்றே கரைக்கும். கிரெயின் மெலிகிறது, கூடவே விளிம்பும் மழுங்குகிறது. அதே மருந்தில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் கரைக்கும் வேகம் குறைகிறது, விளிம்பு எடுப்பாகிறது. ரொடினால் இன்னும் பழையது, 1891. அதில் சல்ஃபைட் மிகக் குறைவு. நன்றாக நீர்த்து, ஃபிலிம் இருக்கும் டாங்கியை அடிக்கடி ஆட்டாமல் விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். அதிக வெளிச்சம் பட்ட பகுதியில் மருந்து விரைவில் தீர்ந்துபோகிறது. பக்கத்தில் வெளிச்சம் குறைவாகப் பட்ட பகுதியிலிருந்து தீராத மருந்து எல்லையைத் தாண்டி ஊறி வருகிறது. எல்லையின் ஒரு பக்கம் கூடுதலாகக் கறுக்கிறது, மறுபக்கம் கூடுதலாக வெளுக்கிறது. மாக்கோலத்தின் ஓரத்தில் காவி இழுத்ததும் வெள்ளைக் கோடு பளிச்சென்று எழுந்து நிற்கிறதே, அப்படி. கோட்டின் விவரம் துளியும் கூடவில்லை, கண்ணுக்கு மட்டும் எடுப்பாகிறது.

ஃபோட்டோஷாப்பில் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று நீங்கள் நகர்த்தும் அளவுகோல் செய்வதும் இதே வேலைதான். அந்தப் பெயரே இருட்டறையில் மங்கலான பாசிட்டிவ் ஒன்றை நெகட்டிவோடு சேர்த்து வைத்துப் பிரின்ட் போட்ட பழைய முறையிலிருந்து வந்தது.

தெற்கு வாசல் தம்பி, கிரெயினை எதிரியாகவே பார்க்காதீர்கள். கண் பற்றிக்கொள்ள அது ஒரு நுண்ணிய பரப்பைத் தருகிறது. கிரெயின் மூலை முதல் மூலை வரை கூர்மையாக விழுந்த பிரின்டில் படமும் கூர்மையாகத் தெரியும். என்லார்ஜரில் நாங்கள் ஃபோகஸ் பார்த்ததே கிரெயினை வைத்துத்தான், படத்தை வைத்து அல்ல.

காவிரிக்கரை

இத்தனை விளக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. சில விவரங்கள் சேர்க்கிறேன். டி750 படம் கேமராவே தந்த ஜேபெக் கோப்பு. ஸ்கேனரின் மென்பொருளில் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவைத்திருந்தேன். எஃப்எம்2-இல் கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்தேன், டி750-இல் லைவ் வியூவில் பெரிதாக்கி. டி-76 நீர்க்காமல் பயன்படுத்தினேன். இவற்றில் எது முக்கியம்?

வெள்ளி உப்பு

எல்லாமே. முக்கியமானதிலிருந்து தொடங்குகிறேன்.

ஜேபெக் கோப்பைக் கேமரா ஏற்கெனவே கூர்மையாக்கித்தான் தருகிறது. சென்சாரின் மேல் இருக்கும் பேயர் வண்ண வடிகட்டி வழியாக ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிகிறது; பாதிப் பிக்சல்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மீதி நிறங்களை அக்கம்பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்புகிறார்கள். போதாக்குறைக்கு டி750-இல் சென்சாருக்கு முன்னால் படத்தை மிகச் சற்றே மங்கவைக்கும் வடிகட்டியும் இருக்கிறது. ஆகவே கூர்மையாக்காத டிஜிட்டல் கோப்பும் மென்மையாகத்தான் இருக்கும். நீங்கள் ஒப்பனை செய்த முகத்தையும் செய்யாத முகத்தையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். கேமரா கூர்மையாக்காமல் அப்படியே தரும் ரா கோப்பை எடுத்து இரண்டுக்கும் அளவாகக் கூர்மை கொடுங்கள், அல்லது இரண்டுக்கும் கொடுக்காமல் பாருங்கள்.

அடுத்தது 100 விழுக்காட்டுப் பார்வை. 24 அங்குல முழு எச்டி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 6000 பிக்சல் அகலப் படத்தை அதில் 100 விழுக்காட்டில் பார்ப்பது, 65 அங்குல அகலப் பிரின்டை மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். உங்கள் ஸ்கேனின் அகலம் 9071 பிக்சல். அதாவது 98 அங்குலம். ஐந்தரை அடிப் படத்தையும் எட்டடிப் படத்தையும் ஒரே தூரத்திலிருந்து பார்த்து, எட்டடிப் படம் மங்கல் என்கிறோம். அது மங்கலாகத்தான் தெரியும். ஒரே அளவுக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள். ஸ்கேனை 6000-க்குச் சுருக்கினாலே கிரெயினும் அடங்கும், விளிம்பும் இறுகும்.

அதைவிட நல்லது பிரின்ட். கைக்கெட்டும் தூரத்தில் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும் பிரின்டில், மில்லிமீட்டருக்கு 5 கோட்டிணை இருந்தால் நம் கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும். 8-க்கு 12 அங்குலப் பிரின்ட் என்பது நெகட்டிவை எட்டரை மடங்கு பெரிதாக்குவது. அதற்கு நெகட்டிவ் அளவில் 42 கோட்டிணை வேண்டும். உங்கள் மேசை ஸ்கேன் 38-இல் நிற்கிறது, மிகச் சற்றே குறைவு. கூல்ஸ்கேன் 51, தாராளம். 12-க்கு 18 என்றால் 64 வேண்டும். டி750 அதை ஒட்டி நிற்கிறது, ஸ்கேன் இரண்டும் தோற்றுவிடும். எந்த அளவுப் பிரின்ட் என்று சொல்லாமல் எது கூர்மை என்று கேட்பது பாதிக் கேள்வி.

ஃபோகஸ் பற்றி ஒன்று. கேமராவின் ஃபோகஸ் கண்ணாடியில் பார்த்துச் செய்யும் ஃபோகஸும் பெரிதாக்கிய திரையில் செய்யும் ஃபோகஸும் சமமல்ல. கோபுரம் தூரத்தில் இருப்பதால் உங்கள் படத்தில் பாதிப்பு குறைவாக இருக்கலாம். ஆனாலும் அடுத்த முறை ஃபோகஸ் வளையத்தை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தித் தனித்தனி ஃபிரேம்களில் எடுத்து, லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து நெகட்டிவில் கூர்மையானதைத் தேர்ந்தெடுங்கள்.

தெற்கு வாசல் நண்பரே, வேறுபாடு பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, கிரெயின் பற்றியும். சூத்திரம் எல்லையைத்தான் காட்டும், படத்தின் தோற்றத்தைக் காட்டாது. என் வாதம் ஒன்றே ஒன்றுதான்: காவிரிக்கரையின் நெகட்டிவில் இருப்பது இன்னும் வெளியே வரவில்லை.

வடதிசை

கனடாவிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பப் படங்களின் நெகட்டிவ்களைக் கூல்ஸ்கேனில்தான் ஸ்கேன் செய்துவந்தேன். அந்தக் கருவிகளை நிகான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழுதானால் பார்ப்பவர் அரிது. இப்போது டிஜிட்டல் கேமராவையே ஸ்கேனராக வைத்திருக்கிறேன். காவிரிக்கரை அண்ணா, உங்களிடம் டி750 இருக்கிறது. மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஒன்று கிடைத்தால் உங்கள் வி700-ஐவிட நல்ல ஸ்கேனர் உங்கள் கையிலேயே இருக்கிறது.

1-க்கு 1 அளவில், அதாவது நெகட்டிவ் தன் அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுத்தால் 36 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல். டிபிஐ கணக்கில் 4233. கூல்ஸ்கேனை எட்டிவிடுகிறது. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு.

திறப்பு. எஃப் 8-தான் எல்லா லென்ஸுக்கும் கூர்மை என்று பலரும் அதையே வைக்கிறார்கள். 1-க்கு 1 அளவில் லென்ஸ் நீண்டு நிற்பதால் எஃப் 8 என்று குறித்த திறப்பு, செயலளவில் எஃப் 16 ஆகிவிடுகிறது. ஒளி விளிம்பில் வளைந்து சிதறும் விளைவு அங்கே நன்றாகவே கடிக்கும். பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால், எஃப் 16-இல் 113 கோட்டிணையோடு எல்லாம் முடிகிறது, 56-இலேயே வேறுபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழ் போய்விடுகிறது. எஃப் 5.6 என்று குறித்த திறப்பு எஃப் 11 ஆகிறது. அங்கே 56 கோட்டிணையில் இன்னும் 58 விழுக்காடு நிற்கிறது. எனவே சமதளமாக இருக்கும் நெகட்டிவுக்கு எஃப் 5.6 என் தேர்வு. நிகான் கேமராவில் நிகானின் மேக்ரோ லென்ஸ் பொருத்தினால் திரையில் தெரிவது செயலளவுத் திறப்பு என்பதை மறக்கவேண்டாம். அங்கே எஃப் 11 என்று காட்டினால் சரி.

இணை. சென்சாரும் நெகட்டிவும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையென்றால் ஒரு மூலை மங்கும். நெகட்டிவ் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை கேமராவைத் திருத்துங்கள். ரசமட்டத்தைவிட இது துல்லியம்.

வெளிச்சம். நிறங்களை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் நிறத்தெளிவு எண் (சிஆர்ஐ) 95-க்கு மேல் உள்ள எல்இடி பலகை. கைக்கணினித் திரையை வைத்தால் அதன் பிக்சல்களே படத்தில் விழும். நெகட்டிவைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கறுப்புத் தாளால் மறைத்துவிடுங்கள். கசிந்த ஒளி வேறுபாட்டைத் தின்கிறது, வேறுபாடு போனால் கூர்மை போயிற்று.

தூசி உங்கள் கையில்தான். கலர் நெகட்டிவில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி, வெள்ளி நிற்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வேலை செய்யாது. வெள்ளியே அகச்சிவப்பை மறைத்துவிடும். ஊதுபந்தும் பொறுமையும்தான் வழி.

நீலமலை

இந்த உரையாடலை ஆவலோடு படித்துவருகிறேன். என் கேள்வி வேறு அளவைப் பற்றியது. ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஆலை இன்று இயங்கவில்லை. அந்த ஃபிலிமில் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவால் எடுத்த 120 அளவு நெகட்டிவ்கள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்கள், மலை ரயில், குடும்பத்தினர்.

ஒரு ஆய்வகத்தில் கொடுத்து ஸ்கேன் செய்தபோது முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்தாற்போல் வந்தது. சேலையின் கரை எல்லாம் மணல் மணலாக இருந்தது. அவர்கள் இதுதான் அந்தக் கால ஃபிலிமின் தரம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே நெகட்டிவிலிருந்து அந்நாளில் போட்ட பிரின்ட் வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் கரையின் கட்டம் ஒவ்வொன்றும் தெரிகிறது.

இருட்டறை

உறுத்தட்டும், உங்கள் உறுத்தல் நியாயமானது. சுவரில் இருக்கும் பிரின்டே சாட்சி. முகத்தைச் சுற்றிய வெள்ளைக் கோடு ஃபிலிமில் இல்லை. இயந்திரம் அளவுக்கு மீறிக் கூர்மையாக்கியதால் வந்தது. மணல் மணலாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். கூர்மையாக்காத 16 பிட் டிஃப் கோப்பு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். அந்தப் பெட்டியை மட்டும் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள் அம்மா. மலைக்காற்றில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும், பிடித்துவிட்டால் எந்த ஸ்கேனரும் உதவாது.

வெள்ளி உப்பு

நீலமலை, உங்கள் நெகட்டிவ் 56-க்கு 56 மில்லிமீட்டர். பரப்பளவில் 35 மி.மீ. ஃபிரேமைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். இங்கே முழுக் கணக்கும் மாறிவிடுகிறது. லென்ஸையும் ஃபிலிமையும் தாழ்வாகவே, தலா 60 என்று மதிப்பிட்டாலும், காவிரிக்கரையிடம் இருப்பது போன்ற மேசை ஸ்கேனரைத் தாண்டி 31 கோட்டிணை வரும். 35 மி.மீ. என்றால் அது ஏமாற்றம் தரும் எண். 56 மி.மீ. சதுரத்தில் அது 12 மெகாபிக்சல் அளவு உண்மை விவரம். ஒன்றரை அடிச் சதுரப் பிரின்டுக்குக்கூட அது ஓரளவு தாங்கும்.

35 மி.மீ. கலர் ஃபிலிமில், குறிப்பாக ஐஎஸ்ஓ 400-இல், தெற்கு வாசல் சொல்வதே நிலை. நல்ல டிஜிட்டல் முந்திவிட்டது. கலர் ஃபிலிமில் மூன்று அடுக்குகளையும் ஒளி துளைத்துப் போகவேண்டும், அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கைச் சேரும்போது சிதறிவிடுகிறது. நுண்துகள் கறுப்பு வெள்ளையில் போட்டி இன்னும் நடக்கிறது. 120-க்கு வந்தால் ஃபிலிமின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஸ்கேன் செய்பவருக்கு உரிமையே இல்லை என்பேன்.

தெற்கு வாசல்

120 பற்றி மறுப்பதற்கில்லை. நான் பேசியது 35 மி.மீ. பற்றி, அதில் என் கருத்து அப்படியே நிற்கிறது.

டிஜிட்டல் பக்கத்துக் குறை ஒன்றை நானே சொல்கிறேன், விவாதம் முழுமை பெறட்டும். நிகான் டி810 வந்த காலத்திலிருந்து அந்த மங்கவைக்கும் வடிகட்டியை எடுத்துவிட்ட கேமராக்கள் பெருகின. கூர்மை கூடியது. கூடவே பட்டுச்சேலையின் நெசவிலும் மாப்பிள்ளையின் சட்டைத் துணியிலும் இல்லாத வானவில் கோடுகள் வரத் தொடங்கின. துணியின் இழையும் பிக்சல் வரிசையும் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. ஒன்றோடொன்று மோதும்போது பொய்யான ஒரு வடிவம் பிறக்கிறது. அரக்குச் சேலையில் பச்சையும் ஊதாவுமாக அலை ஓடுவதை ஒவ்வொரு படத்திலும் தூரிகையால் நீக்கும் வேலை பெரிய வேலை. ஃபிலிமில் எடுத்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. துகள்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் எதோடும் மோதுவதில்லை. எல்லைக்கு மேல் உள்ள விவரத்தை ஃபிலிம் மெல்ல விட்டுவிடுகிறது. டிஜிட்டல் அதையே பொய்யாகத் திருப்பித் தருகிறது. கூர்மையை மதிப்பிடும்போது இதற்கும் ஒரு கழிவு போடவேண்டும்.

காவிரிக்கரை

நண்பர் ஒருவரிடம் மேக்ரோ லென்ஸ் வாங்கி, வடதிசை சொன்னபடி கண்ணாடி வைத்துச் சீராக்கி, திரையில் எஃப் 11 தெரியும்படி அதே நெகட்டிவை டி750-ஆல் எடுத்தேன். டிஜிட்டலுக்கு ரா கோப்பு. இரண்டுக்கும் அளவாகக் கூர்மை கொடுத்து 8-க்கு 12 பிரின்ட் போட்டுப் பார்த்தேன்.

சிற்பங்களின் விரல்கள் நெகட்டிவில் இருக்கின்றன! வி700 ஸ்கேனில் ஒரே வெண்பூச்சாகத் தெரிந்த இடத்தில் அபய முத்திரை தெளிவாகத் தெரிகிறது. கோபுரத்துக்குக் குறுக்கே போகும் கம்பி, ஃபிலிமில் ஒரே சீரான கோடு; டிஜிட்டலில் மிக மெல்லிய படிக்கட்டு. நிழல் விழுந்த மாடங்களுக்குள் டிஜிட்டல்தான் தெளிவு. அங்கே ஃபிலிமில் கிரெயின் விவரத்தை மூடிவிடுகிறது. தெற்கு வாசல் சொன்ன வேறுபாட்டுக் குறைவு இதுதான் போலும். பிரின்டில் பார்த்தவர்களுக்கு எது எதில் எடுத்தது என்று சொல்லத் தெரிந்தது, ஆனால் கூர்மையை வைத்து அல்ல. வானத்தில் தெரிந்த கிரெயினை வைத்து.

அடுத்த சுருளை டி-76-இல் சம அளவு தண்ணீர் சேர்த்து டெவலப் செய்யப்போகிறேன், இருட்டறை ஐயா.

நீலமலை

வாழ்த்துகள். வடதிசை, என் 120 நெகட்டிவ்களுக்கும் இதே முறை சரிவருமா? என் தம்பியிடம் 24 மெகாபிக்சல் முழு ஃபிரேம் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருக்கின்றன.

வடதிசை

அக்கா, ஒரே படமாக எடுக்காதீர்கள். சென்சாரின் உயரத்துக்குள் 56 மில்லிமீட்டரை அடக்கினால் 4000 பிக்சலில் முடிந்துவிடும்; வரம்பு 36 கோட்டிணை. அது மேசை ஸ்கேனரைவிடக் குறைவு. சென்சாரின் நீள்பக்கத்தில் 60 மில்லிமீட்டர் விழும்படி வைத்து, நெகட்டிவை நகர்த்தி இரண்டு பாதிகளாக எடுத்து மென்பொருளில் ஒட்டுங்கள். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். வரம்பு 50-க்கு ஏறிவிடும். வெளிச்சத்தையும் எக்ஸ்போஷரையும் இரண்டு பாதிகளுக்கும் மாற்றாமல் வையுங்கள். பழைய நெகட்டிவ் சுருண்டிருக்கும் என்பதால், ஒளிவளையம் விழாத சொரசொரப்புக் கண்ணாடியை அதன் பளபளப்பான பக்கத்தில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மருந்துப் பூச்சுள்ள பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். படத்தைப் பிறகு இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம்.